பென்சிலினைக் கண்டவர் விடுத்த எச்சரிக்கை

ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்னர், விரலில் குத்திய ஒரு முள்கூட ஓர் உயிரைப் பறித்துவிடக்கூடும். நிமோனியா, பிரசவத்துக்குப் பின் வரும் காய்ச்சல், அறுவைச் சிகிச்சைப் புண் என எத்தனையோ வழிகளில் கிருமிகள் மனித உடலைத் தாக்கின. மருத்துவர்கள் நோயின் பெயரை அறிந்திருந்தார்கள். அதை உண்டாக்கும் கிருமியை நுண்ணோக்கியில் பார்த்தும் இருந்தார்கள். ஆனால், உடலுக்குத் தீங்கு செய்யாமல் உள்ளே இருக்கும் கிருமியை மட்டும் அழிக்கும் மருந்து அவர்களிடம் பெரும்பாலும் இல்லை.

அந்த நிலையை மாற்றிய மருந்து பென்சிலின். அதை முதலில் கண்டறிந்தவர் அலெக்சாண்டர் ஃபிளெமிங். இது பலரும் அறிந்த செய்தி. பலரும் அறியாத செய்தி ஒன்று உண்டு. தாம் கண்ட மருந்தே ஒரு நாள் பயனற்றுப் போகலாம் என்று, புகழின் உச்சியில் இருந்தபோதே அவர் உலகை எச்சரித்தார். அந்த எச்சரிக்கை இன்று மருத்துவமனைகளிலும் முதியோரைப் பராமரிக்கும் இல்லங்களிலும் உண்மையாகி வருகிறது.

பண்ணை வீட்டுச் சிறுவன்

ஃபிளெமிங் 1881ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள், ஸ்காட்லாந்தின் அயர்ஷயர் வட்டாரத்தில் டார்வெல் என்னும் சிற்றூருக்கு அருகே, லாக்ஃபீல்ட் என்ற பண்ணை வீட்டில் பிறந்தார். தந்தை ஹியூ ஒரு விவசாயி. அவருடைய எட்டுப் பிள்ளைகளுள் ஃபிளெமிங் ஏழாமவர். ஃபிளெமிங்குக்கு ஏழு வயதானபோது தந்தை இறந்துவிட்டார். தாயார் கிரேஸும் மூத்த அண்ணனும் பண்ணையைக் கவனித்துக்கொண்டனர்.

வீட்டைச் சுற்றிலும் புல்வெளியும் ஓடைகளும் இருந்தன. பள்ளிக்கு நெடுந்தூரம் நடந்தே செல்ல வேண்டும். வழியில் பறவைக் கூடுகளைத் தேடுவதும், ஓடையில் மீன் பிடிப்பதும் அண்ணன் தம்பிகளுக்கு வழக்கம். எதையும் கூர்ந்து பார்க்கும் பழக்கம் அந்த நாள்களிலேயே அவரிடம் வேரூன்றியது.

பதின்மூன்று வயதில் அவர் லண்டனுக்குச் சென்று, சகோதரர்களுடன் தங்கிப் படித்தார். படிப்பை முடித்ததும் ஒரு கப்பல் நிறுவன அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். நான்கு ஆண்டுகள் அங்கே வேலை செய்தார். அந்த வேலையில் அவருக்கு மனநிறைவு இல்லை. இருபது வயதில் அவருடைய மாமா ஒருவர் இறந்தபோது, அவருக்குச் சிறிதளவு பணம் கிடைத்தது. மருத்துவராக இருந்த அண்ணன் டாம், அந்தப் பணத்தைக் கொண்டு மருத்துவம் படிக்கும்படி தம்பிக்கு அறிவுரை கூறினார்.

லண்டனில் பல மருத்துவக் கல்லூரிகள் இருந்தன. அவற்றுள் பேடிங்டன் பகுதியிலிருந்த செயின்ட் மேரி மருத்துவக் கல்லூரியை ஃபிளெமிங் தேர்ந்தெடுத்தார். அதற்கு அவர் பின்னாளில் கூறிய காரணம் வேடிக்கையானது. அக்கல்லூரியின் அணியுடன் அவர் முன்பு நீர்ப்பந்து விளையாடியிருந்தார். அந்தப் பெயர் அவர் மனத்தில் பதிந்திருந்தது, அவ்வளவுதான்! 1906ஆம் ஆண்டு அவர் சிறப்பான தேர்ச்சியுடன் மருத்துவரானார். துப்பாக்கி சுடும் போட்டிகளில் அவர் வல்லவர் என்பதால், அவரைத் தங்கள் அணியிலேயே வைத்துக்கொள்ள நண்பர் ஒருவர் விரும்பினார். அதே மருத்துவமனையில் ஆல்ம்ராத் ரைட் என்ற புகழ்பெற்ற ஆய்வாளர் நடத்திவந்த தடுப்பூசி ஆய்வுப் பிரிவில் ஃபிளெமிங் சேர அந்த நண்பர் ஏற்பாடு செய்தார். அன்று சேர்ந்த இடத்தில்தான் அவர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தார்.

போர்க்களம் கற்பித்த பாடம்

1914ஆம் ஆண்டு முதல் உலகப் போர் மூண்டது. ஃபிளெமிங் ராணுவ மருத்துவப் படையில் சேர்ந்து, பிரான்சின் பூலோன் நகரில் பணியாற்றினார். போர்க்களத்திலிருந்து காயமுற்ற வீரர்கள் நாள்தோறும் கொண்டுவரப்பட்டனர். குண்டு பாய்ந்து இறந்தவர்களைப் போலவே, காயத்தில் கிருமி புகுந்து இறந்தவர்களும் ஏராளம்.

அக்காலத்தில் காயங்களைக் கடுமையான கிருமிநாசினி திரவங்களால் கழுவுவது வழக்கம். இதனால் பயன் உண்டா என்று ஃபிளெமிங் ஆராய்ந்தார். வெடிகுண்டால் ஏற்பட்ட காயங்கள் மேலோட்டமானவை அல்ல. அவற்றில் ஆழமான, வளைந்து நெளிந்த இடுக்குகள் இருந்தன. கண்ணாடிக் குழாயைச் சூடாக்கி, பல கூரிய முனைகளை இழுத்து, அத்தகைய காயத்தைப் போன்ற ஓர் அமைப்பை அவர் செய்தார். அதில் கிருமிகளை விட்டு, பிறகு கிருமிநாசினியை ஊற்றினார். இடுக்குகளில் ஒளிந்திருந்த கிருமிகள் சாகவில்லை. அவை மீண்டும் பெருகின. அதே வேளையில், கிருமிகளோடு போராட வேண்டிய வெள்ளை அணுக்களை அந்தத் திரவம் கொன்றுவிட்டது.

இந்த ஆய்விலிருந்து அவர் இரண்டு உண்மைகளைக் கற்றுக்கொண்டார். நல்ல மருந்து கிருமியைக் கொல்ல வேண்டும். ஆனால், உடலின் சொந்தக் காவலர்களைக் கொல்லக்கூடாது. மேலும், கிருமிகளுள் சில தப்பிப் பிழைத்தாலும் போதும். அவை மீண்டும் பெருகிவிடும். இந்த இரண்டாவது உண்மை பின்னாளில் அவர் விடுத்த எச்சரிக்கையிலும் எதிரொலித்தது.

போர் முடிந்ததும் அவர் தம் ஆய்வுக்கூடத்திற்குத் திரும்பினார். 1921ஆம் ஆண்டு தமக்குச் சளி பிடித்திருந்தபோது, தம் மூக்குச் சளியில் சிறிதளவை எடுத்து, கிருமிகள் வளர்ந்திருந்த தட்டில் இட்டார். சளியைச் சுற்றியிருந்த கிருமிகள் கரைந்து போயின! சளி, கண்ணீர், உமிழ்நீர், முட்டையின் வெள்ளைக்கரு ஆகியவற்றில் உள்ள அந்தப் பொருளுக்கு லைசோசைம் என்று பெயரிடப்பட்டது. ஆய்வுக்குக் கண்ணீர் தேவைப்பட்டது. அதனால், உடன் பணிபுரிந்தவர்களின் கண்களில் எலுமிச்சைச் சாறு விட்டுக் கண்ணீர் சேகரித்தார்கள்! ஆனால், கொடிய நோய்களை உண்டாக்கும் கிருமிகளிடம் லைசோசைம் பலிக்கவில்லை. ஃபிளெமிங்கின் தேடல் தொடர்ந்தது.

கழுவப்படாத தட்டு

ஃபிளெமிங் அதிகம் பேசாதவர். ஆய்வுக்கூடத்தை ஒழுங்காக அடுக்கி வைக்கும் பழக்கமும் அவருக்கு இல்லை. கிருமி வளர்த்த தட்டுகளை உடனே கழுவிவிடாமல், இரண்டு மூன்று வாரங்கள் வைத்திருந்து, அவற்றில் ஏதேனும் மாற்றம் தெரிகிறதா என்று பார்ப்பார். வெவ்வேறு நிறக் கிருமிகளைக் கொண்டு படம் வரைவதும் அவருக்குப் பொழுதுபோக்காக இருந்தது.

1928ஆம் ஆண்டு கோடைக்காலத்தில் அவர் குடும்பத்துடன் விடுமுறைக்குச் சென்றார். புறப்படும் முன், ஸ்டாஃபிலோகாக்கஸ் என்னும் கிருமி வளர்க்கப்பட்ட தட்டுகளை மேசையின் ஓரத்தில் அடுக்கி வைத்தார். இக்கிருமி கொப்புளம் முதல் உயிரைக் குடிக்கும் இரத்த நோய்த்தொற்று வரை பலவற்றை உண்டாக்கக்கூடியது. செப்டம்பர் 3ஆம் நாள் திரும்பி வந்த அவர், தட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒரு தட்டில் பூஞ்சை படர்ந்திருந்தது. பழைய ரொட்டியில் பூக்கும் பூஞ்சையைப் போன்றது அது. வேறொருவராக இருந்தால் அத்தட்டைக் கழுவி வைத்திருப்பார். ஃபிளெமிங் நின்று கவனித்தார். பூஞ்சைக்கு எட்டத்தில் இருந்த கிருமிகள் நன்றாக வளர்ந்திருந்தன. பூஞ்சையைச் சுற்றியிருந்த கிருமிகளோ மங்கிக் கரைந்து போயிருந்தன.

அந்தப் பூஞ்சை பெனிசிலியம் என்னும் வகையைச் சேர்ந்தது. அதைத் தனியே வளர்த்து, அதிலிருந்து ஊறிய சாற்றை அவர் சோதித்தார். 800 மடங்கு நீர்த்துப்போன நிலையிலும் அச்சாறு ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமிகளின் வளர்ச்சியைத் தடுத்தது. அதைவிட வியப்பு, அது வெள்ளை அணுக்களுக்குத் தீங்கு செய்யவில்லை. போர்க்காலத்தில் அவர் தேடிய மருந்தின் இலக்கணம் அதில் இருந்தது. 1929ஆம் ஆண்டு அதற்குப் பென்சிலின் என்று பெயரிட்டு, தம் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார்.

ஆனால், அந்தச் சாற்றிலிருந்து பென்சிலினைத் தூய்மையாகப் பிரித்தெடுக்க அவராலும் அவருடைய உதவியாளர்களாலும் முடியவில்லை. பிரித்தெடுக்க முயன்றால், அது விரைவில் தன் ஆற்றலை இழந்தது. அவருடைய கட்டுரையை அன்று பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை. எனினும், அந்தப் பூஞ்சையை அவர் அழியவிடாமல் வளர்த்துவந்தார். கேட்டவர்களுக்கு அதைக் கொடுத்தும் உதவினார்.

போதாமல் போன மருந்து

ஏறத்தாழ பத்து ஆண்டுகள் கடந்தன. ஆக்ஸ்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் ஹாவர்ட் ஃபுளோரி, எர்ன்ஸ்ட் செயின் ஆகியோரின் குழு ஃபிளெமிங்கின் பழைய கட்டுரையைப் படித்து, பென்சிலினைப் பிரித்தெடுக்கும் முயற்சியில் இறங்கியது. நார்மன் ஹீட்லி என்பவர் அதற்கான வழிமுறையை வகுத்தார். 1940ஆம் ஆண்டு மே 25ஆம் நாள் எட்டு எலிகளுக்குக் கொடிய கிருமி செலுத்தப்பட்டது. அவற்றுள் நான்கிற்கு மட்டும் பென்சிலின் கொடுக்கப்பட்டது. மறுநாள் விடிவதற்குள் மருந்து பெறாத நான்கும் மடிந்தன. மருந்து பெற்றவை உயிரோடு இருந்தன.

செய்தியறிந்த ஃபிளெமிங் ஆக்ஸ்ஃபர்டுக்கு நேரில் சென்றார். அவர் வருகிறார் என்று கேட்ட செயின் திகைத்துப் போனார். ஃபிளெமிங் இறந்துவிட்டார் என்றே அவர் அதுவரை நினைத்திருந்தாராம்!

1941ஆம் ஆண்டு பிப்ரவரியில், காவல்துறை ஊழியர் ஒருவருக்கு அம்மருந்து கொடுக்கப்பட்டது. கிருமித் தொற்றால் அவர் முகமெல்லாம் சீழ் பிடித்து, ஒரு கண்ணையும் இழந்திருந்தார். மருந்து கொடுத்த ஒரே நாளில் அவர் உடல்நிலை தேறத் தொடங்கியது. காய்ச்சல் தணிந்தது, பசியெடுத்தது. ஆனால், கையிலிருந்த மருந்து மிகக் குறைவு. நோயாளியின் சிறுநீரில் வெளியேறிய பென்சிலினைக்கூடப் பிரித்தெடுத்து, மீண்டும் அவருக்கே செலுத்தினார்கள். ஐந்து நாள்களில் மருந்து முற்றிலும் தீர்ந்துபோனது. எஞ்சியிருந்த கிருமிகள் மறுபடியும் பெருகின. மார்ச் மாதத்தில் அவர் உயிரிழந்தார். மருந்து சரியானது, அளவுதான் போதவில்லை.

அடுத்த ஆண்டு, தமக்குத் தெரிந்த ஒருவர் மூளைச்சவ்வு அழற்சியால் சாகும் தறுவாயில் இருந்தபோது, ஃபிளெமிங் ஃபுளோரியிடம் உதவி கேட்டார். ஃபுளோரி தம்மிடம் இருந்த பென்சிலினைக் கொடுத்து, அதைப் பயன்படுத்தும் முறையையும் விளக்கினார். ஃபிளெமிங் மருந்தை முதுகுத்தண்டின் வழியாகவும் செலுத்தினார். நோயாளி பிழைத்தார். தாம் கண்ட மருந்து, மரணத்தின் வாயிலிலிருந்து ஒருவரை மீட்டதை ஃபிளெமிங் தம் கண்ணால் கண்டார்.

இதற்கிடையில், ஆக்ஸ்ஃபர்ட் குழுவினர் அமெரிக்காவுக்குச் சென்று உதவி நாடினர். அங்குப் பியோரியா நகரில், பூஞ்சை பிடித்த ஒரு முலாம்பழத்திலிருந்து, அதிக அளவில் பென்சிலின் தரும் வகை கிடைத்தது. பெரிய தொட்டிகளில் மருந்து தயாரிக்கப்பட்டது. 1944ஆம் ஆண்டு நேச நாட்டுப் படைகள் பிரான்சில் தரையிறங்கியபோது, காயமுற்ற வீரர்களுக்குத் தேவையான பென்சிலின் இருப்பில் இருந்தது. அதே ஆண்டு ஃபிளெமிங்குக்குப் பிரிட்டன் சர் பட்டம் வழங்கியது.

வெற்றி மேடையில் ஓர் எச்சரிக்கை

1945ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபெல் பரிசு ஃபிளெமிங், ஃபுளோரி, செயின் ஆகிய மூவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. டிசம்பர் 11ஆம் நாள் ஸ்டாக்ஹோமில் ஃபிளெமிங் தம் நோபெல் உரையை ஆற்றினார். உலகமே பென்சிலினை அற்புத மருந்து என்று கொண்டாடிக்கொண்டிருந்த நேரம் அது. அவரும் தம் பெருமையைப் பேசி அமர்ந்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. பென்சிலினைத் தாம் தற்செயலாகக் கண்டதாகக் கூறினார். பிறகு, உரையின் இறுதிப் பகுதியில் ஓர் ஆபத்தைச் சுட்டிக்காட்டினார்.

ஆய்வுக்கூடத்தில் கிருமிகளைக் கொல்லப் போதாத அளவில் பென்சிலினைக் கொடுத்தால், அவை அம்மருந்தை எதிர்த்து நிற்கப் பழகிவிடுகின்றன. மனித உடலிலும் அதுவே நடக்கக்கூடும் என்று அவர் விளக்கினார். கேட்போருக்கு எளிதில் விளங்குவதற்காக ஒரு கற்பனைக் கதையையும் சொன்னார். ஒருவருக்குத் தொண்டை வலி. அவர் கடையில் பென்சிலின் வாங்கி, தாமாகவே சிறிதளவு பயன்படுத்துகிறார். கிருமிகள் சாகாமல், மருந்தை எதிர்க்கும் ஆற்றலைப் பெறுகின்றன. அக்கிருமி அவர் மனைவிக்குத் தொற்றி, நிமோனியாவாக மாறுகிறது. இப்போது பென்சிலின் கொடுத்தும் பயனில்லை, மனைவி இறந்துவிடுகிறார். அந்த மரணத்துக்கு யார் பொறுப்பு? மருந்தைப் பொறுப்பின்றிப் பயன்படுத்திய கணவர்தான் என்பதே ஃபிளெமிங்கின் முடிவு.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது நம் பழமொழி. அளவுக்குக் குறைந்தாலும் மருந்து தீங்காகலாம் என்பதே ஃபிளெமிங் சொன்ன செய்தி. இக்கதையில் மற்றொரு கூர்மையும் உண்டு. தவறு செய்தவர் ஒருவர், துன்பப்பட்டவர் வேறொருவர்.

உண்மையான எச்சரிக்கை

அந்த எச்சரிக்கை பலிக்க நெடுங்காலம் பிடிக்கவில்லை. லண்டனில் உள்ள ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் மேரி பார்பர் என்ற பெண் ஆய்வாளர், நோயாளிகளிடமிருந்து எடுத்த ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமிகளை ஆண்டுதோறும் சோதித்தார். 1946ஆம் ஆண்டில் அவற்றுள் நூற்றுக்கு ஏறத்தாழ 14 பங்கு பென்சிலினை எதிர்த்தன. 1948ஆம் ஆண்டில் அது பாதிக்கும் மேலாக உயர்ந்தது. மருந்தைத் தாங்கும் கிருமிகள் மருத்துவமனைக்குள்ளேயே ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குப் பரவுவதை அவர் ஆய்வு காட்டியது. 1947ஆம் ஆண்டு பிரிட்டன், பென்சிலினை மருத்துவரின் சீட்டின்றி விற்பதைத் தடுக்கச் சட்டம் இயற்றியது.

கிருமிகள் எவ்வாறு மருந்தை எதிர்க்கின்றன? கோடிக்கணக்கான கிருமிகளுள் ஒரு சில, மரபணு மாற்றத்தால் மற்றவற்றிலிருந்து சிறிது வேறுபட்டிருக்கும். சில கிருமிகள் பென்சிலினைச் சிதைக்கும் ஒரு நொதியைச் சுரக்கின்றன. மருந்து வந்ததும் மற்றக் கிருமிகள் மடிகின்றன. இவை மட்டும் எஞ்சுகின்றன. போட்டிக்கு ஆளில்லாத இடத்தில் இவை விரைந்து பெருகுகின்றன. சில வகைக் கிருமிகள் தம் எதிர்ப்பாற்றலுக்குரிய மரபணுவை அருகிலுள்ள பிற கிருமிகளுக்கும் கொடுத்துவிடுகின்றன. எனவே, தேவையின்றி மருந்து உண்ணும் ஒவ்வொரு முறையும், இத்தகைய கிருமிகளுக்கு நாமே வழிவிடுகிறோம்.

ஃபிளெமிங் 1955ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் லண்டனில் மாரடைப்பால் காலமானார். அவருடைய அஸ்தி செயின்ட் பால் பேராலயத்தில் வைக்கப்பட்டது. அவர் மறைந்த சில ஆண்டுகளில், பென்சிலினை எதிர்க்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமிகளை அழிக்க மெத்திசிலின் என்ற புதிய மருந்து வந்தது. ஆனால், 1961ஆம் ஆண்டிலேயே அம்மருந்தையும் எதிர்க்கும் கிருமி பிரிட்டனில் கண்டறியப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. அதுவே இன்று எம்ஆர்எஸ்ஏ எனப்படுகிறது. ஃபிளெமிங் தம் தட்டில் கரைந்துபோகக் கண்ட அதே வகைக் கிருமி, இப்போது கரையாமல் நிற்கக் கற்றுக்கொண்டது.

முதியோர் வாழும் இல்லங்களில்

இன்று இக்கிருமிகள் கவலையளிக்கும் இடங்களுள் தாதிமை இல்லங்களும் முதியோர் இல்லங்களும் அடங்கும். அதற்குப் பல காரணங்கள் உள்ளன. முதுமையில் உடலின் நோய் எதிர்ப்பாற்றல் குறைகிறது. படுத்த படுக்கையாக இருப்போருக்குப் படுக்கைப் புண் ஏற்படலாம். சிலருக்குச் சிறுநீர் வெளியேறக் குழாய் பொருத்தப்பட்டிருக்கும். புண்ணும் குழாயும் கிருமிகள் நுழைவதற்கான வாசல்களாகின்றன. இவர்கள் அடிக்கடி மருத்துவமனைக்குச் சென்று திரும்புவதால், அங்குள்ள கிருமிகளும் உடன் வரக்கூடும். ஒரே அறையில் பலர் தங்குகின்றனர். ஒரே தாதி பலரைக் குளிப்பாட்டி, உணவூட்டி, உடை மாற்றுகிறார்.

மருந்தை எதிர்க்கும் கிருமி ஒருவரின் மூக்கிலோ தோலிலோ குடலிலோ இருந்தும், அவர் நோயின்றி நலமாகவே தோன்றலாம். அவரைப் பார்த்தால் எவருக்கும் ஐயம் எழாது. ஆனால், அவரைத் தொட்ட கை கழுவப்படாமல் அடுத்தவரைத் தொட்டால், கிருமி இடம் மாறுகிறது. அடுத்தவருக்கு ஆறாத புண் இருந்தால், அதே கிருமி உயிருக்கு ஆபத்தாக முடியலாம்.

மருந்துப் பயன்பாடும் ஒரு காரணம். முதியவர் ஒருவர் சோர்ந்து காணப்பட்டால், அவருடைய சிறுநீரைச் சோதிப்பார்கள். அதில் கிருமி இருப்பது தெரிந்ததும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுக்கத் தோன்றும். ஆனால், முதியோர் பலரின் சிறுநீரில் நோய்க்குறி எதுவுமின்றியே கிருமிகள் இருப்பதுண்டு. அத்தகையோருக்குப் பொதுவாக மருந்து தேவைப்படுவதில்லை. நீர் குறைவாகக் குடித்ததுகூடச் சோர்வுக்குக் காரணமாக இருக்கலாம். தேவையற்ற மருந்து அவருக்குப் பயன் தராது. எதிர்ப்பாற்றல் பெற்ற கிருமிகளுக்கே பயன் தரும்.

அப்படியென்றால், கிருமியைச் சுமக்கும் முதியவரை ஓர் அறையில் பூட்டி வைக்கலாமா? மருத்துவமனை சில நாள் தங்கும் இடம். முதியோர் இல்லமோ அவர்களுக்கு வீடு. அங்கேதான் அவர்கள் நண்பர்களோடு அமர்ந்து உண்கிறார்கள், பேசுகிறார்கள், பண்டிகை கொண்டாடுகிறார்கள். தனிமையும் ஒரு நோய்தான். ஆகவே, ஒவ்வொருவரின் நிலையையும் பார்த்து முடிவு செய்வதே முறை. புண்களை நன்கு மூடிக் கட்டுவது, தேவை தீர்ந்ததும் குழாயை அகற்றுவது, பொதுவாகத் தொடும் இடங்களைத் துடைப்பது, எல்லாவற்றுக்கும் மேலாகக் கைகளைத் தூய்மையாக வைத்திருப்பது ஆகியவை எவரையும் ஒதுக்காமல் எல்லாரையும் காக்கும் வழிகள்.

நம் கையில் இருப்பது

மருந்தை எதிர்க்கும் கிருமிகளால் 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 1.27 மில்லியன் பேர் நேரடியாக உயிரிழந்தனர் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளனர். உலகச் சுகாதார நிறுவனம் ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 18 முதல் 24 வரை இதுகுறித்து விழிப்புணர்வு வாரம் நடத்துகிறது. புதிய மருந்துகளைக் கண்டறிவது எளிதன்று. இருக்கும் மருந்துகளைக் காப்பது நம் எல்லாருடைய கடமை.

மாணவர்களாகிய நாம் என்ன செய்யலாம்? சளி, சளிக்காய்ச்சல் போன்றவை பெரும்பாலும் வைரஸால் வருபவை. நுண்ணுயிர்க்கொல்லி மருந்து வைரஸைக் கொல்லாது. எனவே, அம்மருந்தைத் தரும்படி மருத்துவரை வற்புறுத்தக்கூடாது. மருத்துவர் கொடுத்தால், அவர் சொன்ன அளவில், அவர் சொன்ன நாள் வரையில் உட்கொள்ள வேண்டும். மிச்சமிருக்கும் மாத்திரையைப் பத்திரப்படுத்தி, தம்பிக்கோ பாட்டிக்கோ கொடுக்கக்கூடாது.

சமூகச் சேவைக்காக முதியோர் இல்லங்களுக்குச் செல்லும் வாய்ப்பு நம்மில் பலருக்குக் கிடைக்கிறது. உள்ளே நுழையும்போதும் வெளியேறும்போதும் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுவோம், அல்லது அங்கு வைத்திருக்கும் கைத்தூய்மித் திரவத்தைப் பூசிக்கொள்வோம். ஒருவரின் கையைப் பிடித்துப் பேசிய பின், அடுத்தவரிடம் செல்லும் முன்பும் அவ்வாறே செய்வோம். நமக்குக் காய்ச்சலோ இருமலோ இருந்தால், அன்று போகாமல் இன்னொரு நாள் போவோம்.

செயின்ட் மேரி மருத்துவமனையில் ஃபிளெமிங் பணியாற்றிய சிறிய ஆய்வுக்கூடம் அருங்காட்சியகமாகப் பாதுகாக்கப்பட்டுள்ளது. பலர் கழுவி வைத்திருக்கக்கூடிய ஒரு தட்டில், அவர் ஒரு மருந்தைக் கண்டார். எல்லாரும் அந்த மருந்தைப் புகழ்ந்தபோது, அவர் அதற்கு வரக்கூடிய ஆபத்தையும் கண்டார். அவர் கதையில் வந்த கணவருக்குத் தம் செயல் யாரைப் பாதிக்கும் என்பது தெரியாது. நமக்குத் தெரியும். நாம் முறையாக உட்கொள்ளும் ஒரு மாத்திரையும், கழுவிக்கொள்ளும் ஒரு கையும், நாம் ஒருமுறைகூடப் பார்த்திராத ஒரு பாட்டியின் உயிரைக் காக்கலாம்.